சீக்கோ 5-ஆ, எச்எம்டி பைலட்டா? நாளைக்குள்ள சொல்லுங்க ப்ளீஸ்

பொள்ளாச்சிகாரன் (செவ்வாய், இரவு 9.12)

எல்லாருக்கும் வணக்கமுங்க. தினமும் கட்டறதுக்கு ஒரு வாட்ச் வாங்கணும். பேட்டரி போடாததுதான் வேணும். கடையில ரெண்டு எடுத்து வெச்சிருக்காங்க. ஒண்ணு சீக்கோ 5, இன்னொண்ணு எச்எம்டி பைலட். நாளைக்கு சாயங்காலம் வரைக்கும்தான் வெச்சிருப்பேன்னு கடைக்காரர் சொல்லிட்டாரு. எதுங்க நல்லா டைம் காட்டும்? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்க.

மதுரை_முள் (9.20)

எந்த சீக்கோ 5? 1963-ல இருந்து அந்தப் பேர்ல வாட்ச் வந்துக்கிட்டே இருக்கு. பின்மூடியில ஒரு நம்பர் இருக்கும், பாருங்க. 7எஸ்26-ன்னு ஆரம்பிச்சா அதுக்குக் கையால சாவி கொடுக்க முடியாது, கையில கட்டி ஆட்டினாத்தான் ஏறும். 4ஆர்36-ன்னா கையாலயும் சாவி கொடுக்கலாம், சாவியை (பக்கவாட்டுல இருக்கிற திருகு) வெளியே இழுத்தா செகண்ட் முள்ளும் நின்னுடும். டைம் சரியா வைக்கிறவங்களுக்கு அது பெரிய வித்தியாசம்.

விலை என்ன? புதுசா, பழசா? உங்க மணிக்கட்டு பெருசா, சிறுசா?

ராத்திரி_ட்யூட்டி (9.31)

அண்ணே, என்ன வேலை பாக்குறீங்கன்னு சொல்லுங்க. அதைச் சொல்லாம யாரும் பதில் சொல்ல முடியாது.

நான் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து வேலை பாக்குறவன். ஆட்டோமேட்டிக் (கை ஆட்டத்துலயே சாவி ஏறுற வாட்ச்) வாங்கின புதுசுல தினமும் விடியக்காலை 3 மணி, 4 மணிக்கு நின்னு கிடக்கும். கோளாறுன்னு நினைச்சு சர்வீஸுக்குக் கொடுத்து 1,200 ரூபாய் போச்சு. வாட்ச்ல ஒண்ணுமே இல்ல. மவுஸ் பிடிக்கிறது வலது கை, வாட்ச் கட்டுறது இடது கை. இடது கை மேசை மேலயே கிடந்தா உள்ள சுத்திச் சாவி ஏத்துற ரோட்டர் எப்படிச் சுத்தும்? இப்ப கையால சாவி கொடுக்கிற வாட்ச்தான் கட்டுறேன், நிம்மதியா இருக்கேன். என் ஓட்டு பைலட்டுக்கு.

அண்ணாநகர்_ஆட்டோ (9.44)

யோசிக்கவே வேணாம், சீக்கோதான். அது 21 கல், எச்எம்டி 17 கல். கல் அதிகமா இருந்தா டைமும் சரியா இருக்கும், தேய்மானமும் கம்மி.

பழைய_மெக்கானிசம் (10.02)

இந்தக் கேள்வி இங்க மாசத்துக்கு ரெண்டு தடவை வருது. தேடிப் படிச்சிருந்தா கேக்கவே தேவை இருந்திருக்காது. ஆனாலும் சொல்றேன், தம்பி, கொஞ்சம் நிதானமா படி.

அண்ணாநகர் சொன்னது தப்பு. வாட்ச்ல இருக்கிறது செயற்கை மாணிக்கக் கல். பல்சக்கரத்தோட அச்சு உக்கார்ற குழி அதுதான். இரும்பு இரும்போட உரசாம இருக்கத்தான் கல் வைக்கிறாங்க. கையால சாவி கொடுக்கிற வாட்சுக்கு வேண்டிய இடத்துல எல்லாம் கல் வெச்சா 17-லயே முடிஞ்சுடும். ஆட்டோமேட்டிக்ல சுத்தி ஏத்துற பாகங்கள் கூடுதலா இருக்கு, அதுக்கும் சேர்த்துத்தான் 21. கல்லை எண்ணி வாட்ச் வாங்குறவங்களுக்கு வாட்ச் இன்னும் புரியலைன்னு அர்த்தம்.

டைம் விஷயம் வேற. சீக்கோ மணிக்கு 21,600 தடவை டிக் டிக்னு தட்டும், அதாவது நொடிக்கு 6 தட்டு. எச்எம்டி 18,000, நொடிக்கு 5. தட்டு கூடினா குலுக்கலைக் கொஞ்சம் நல்லாத் தாங்கும். ஆனா சர்வீஸ் சரியில்லாத வாட்ச்ல எத்தனை தட்டு இருந்தும் பிரயோஜனம் இல்ல.

அண்ணாநகர்_ஆட்டோ (10.09)

கல் விஷயம் ஒத்துக்கிறேன், விளக்கத்துக்கு நன்றி சார். ஆனா கேட்டவர் புதுசு. "தேடிப் படி"ன்னு ஆரம்பிச்சா அவர் திரும்ப வருவாரா?

பொள்ளாச்சிகாரன் (புதன், காலை 11.50)

மன்னிச்சுக்கோங்க, ட்ரிப்ல இருந்தேன். இப்பத்தான் சாப்பாட்டுக்கு வண்டி நிக்குது. ராத்திரி வீட்டுக்குப் போற வழியில கடையில பின்மூடியைப் பார்த்துட்டேன், 7எஸ்26-ன்னுதான் இருக்கு. புதுசு, டப்பாவோட 9,500 சொல்றாரு. பைலட் பழசு, சர்வீஸ் பண்ணினதுன்னு 2,800.

நான் உக்கடம் - பொள்ளாச்சி பிரைவேட் பஸ்ல கண்டக்டருங்க. காலைல 3.30-க்கு எந்திரிச்சா ராத்திரி 9 ஆயிடும். ஞாயித்துக்கிழமை லீவு. ஸ்டாண்டுல எங்க டைம்ல உள்ள வரணும், எங்க டைம்ல வெளிய போகணும். ஒரு நிமிஷம் கூட நின்னா பின்னாடி வண்டிக்காரங்க சண்டைக்கு வந்துடுவாங்க. அதனாலதான் எது நல்லா டைம் காட்டும்னு கேட்டேன்.

ராத்திரி_ட்யூட்டி (12.04)

இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே அண்ணே! நான் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கிறேன். நாள் முழுக்க நின்னுக்கிட்டு, மேல கம்பியைப் பிடிச்சு, குனிஞ்சு டிக்கெட் கிழிச்சுக் கொடுக்கிற கை உங்களுது. ஆட்டோமேட்டிக் வழிய வழிய ஏறும். 7எஸ்26 முழுசா ஏறியிருந்தா 40 மணி நேரத்துக்கு மேல ஓடும். சனி ராத்திரி 10-க்குக் கழட்டி வெச்சு திங்கக்கிழமை விடியக்காலை 4-க்கு எடுத்தா 30 மணி நேரம்தான். நிக்காது.

பழைய_மெக்கானிசம் (12.20)

ஒரு நிமிஷத்துக்குச் சண்டை வரும்னா நீ மெக்கானிக்கல் பக்கமே வரக்கூடாது. 7எஸ்26-க்குக் கம்பெனியே ஒரு நாளைக்கு 40 செகண்ட் கூடலாம், 20 செகண்ட் குறையலாம்னுதான் சொல்லுது. நாளைக்கு 20 செகண்ட் தப்பினாலே 6 நாள்ல 2 நிமிஷம். பேட்டரில ஓடுற சாதாரண குவார்ட்ஸ் ஒரு மாசத்துக்கே அவ்வளவு தப்பாது. குவார்ட்ஸ் வாங்கிட்டுப் போ.

பொள்ளாச்சிகாரன் (12.31)

குவார்ட்ஸ் கையில இருக்குங்க ஐயா. போனும் இருக்கு. எங்க தாத்தா சாவி கொடுக்கிற வாட்ச் கட்டியிருந்தாரு, காதுகிட்ட வெச்சு சத்தம் கேக்க விடுவாரு. அப்படி ஒண்ணு கட்டணும்னு ரொம்ப நாளா ஆசை. அஞ்சாறு மாசமா சீட்டு கட்டி எடுத்த காசு. வண்டி எடுக்கறாங்க, அப்புறம் வர்றேன்.

ரிப்பேர்கடை_மகன் (1.15)

தம்பி, ஆசைப்பட்டதை வாங்குங்க. 2 நிமிஷம் தப்பறது வாட்சோட குணம், அதைக் கையாள வழி இருக்கு. எங்கப்பா கடையில நான் பார்த்து வளர்ந்ததைச் சொல்றேன்.

முதல்ல பைலட். பழைய எச்எம்டின்னா எதைக் கேட்டாலும் "சர்வீஸ் பண்ணினது"ன்னுதான் சொல்வாங்க. உங்க கண் முன்னாடி பின்மூடியைக் கழட்டச் சொல்லுங்க. நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். சாவி உள்ள போற ஓட்டைகிட்டப் பாருங்க, வேர்வையும் தண்ணியும் அங்கதான் முதல்ல இறங்கும். அந்த இடத்துல பழுப்பா துரு இருந்தா விட்டுடுங்க. அடுத்தது ஸ்க்ரூ தலை. கோடு கிழிஞ்சு, ஓரம் பிய்ஞ்சு இருந்தா பல பேர் கை வெச்ச வாட்ச். பேலன்ஸ் வீல் (முன்னும் பின்னும் ஆடுற சக்கரம்) மூச்சு விடுற மாதிரி நிதானமா, நல்லா அகலமா ஆடணும். துடிச்சுத் துடிச்சு ஆடினா எண்ணெய் காஞ்சு போச்சு.

அப்புறம் டயல். பைலட்டுன்னா கறுப்பு டயல், வெள்ளை எண். பழைய டயலைச் சுரண்டிட்டு புதுசா பெயின்ட் அடிச்சு விக்கிறது இப்ப எல்லா இடத்துலயும் இருக்கு. எழுத்து தடிச்சு, ஓரம் கசிஞ்சு, வரி கொஞ்சம் சாஞ்சு இருந்தா அது மறு பெயின்ட். 30 வருஷ வாட்ச்ல டயல் மட்டும் நேத்து செஞ்ச மாதிரி மின்னினா சந்தேகப்படுங்க. இதெல்லாம் சரியா இருந்தா பைலட் ரொம்ப நல்ல வாட்ச். கண்ணாடி பிளாஸ்டிக், கோடு விழுந்தா பற்பசை போட்டுத் தேச்சா போயிடும். சாவி கொடுக்கும்போது கையில இருந்து கழட்டிட்டுக் கொடுங்க. கட்டிக்கிட்டே திருகினா தண்டு ஒரு பக்கமா வளையும்.

ஆனா உங்க வேலைக்கு ஒரு யோசனை. மழையில படிக்கட்டுல நிக்கிற ஆள் நீங்க. பழைய எச்எம்டில ரப்பர் வாஷர் எல்லாம் கெட்டிப்பட்டுப் போயிருக்கும். ஒரு ஐப்பசி மழை போதும், கண்ணாடிக்குள்ள ஆவி பிடிச்சுக்கும்.

ஓசூர்_கடிகை (1.40)

எச்எம்டி கெட்டுப் போனதுக்கு டைட்டன்தான் காரணம்னு இங்க யாராவது ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சொல்லிடுறேன். 1984-ல டாடாவும் நம்ம தமிழ்நாடு அரசோட டிட்கோவும் சேர்ந்து ஓசூர்ல கொண்டு வந்த கம்பெனி அது. குவார்ட்ஸ் வரப்போகுதுன்னு பார்த்து அதுல இறங்கினாங்க. எச்எம்டி இறங்கத் தயங்கிச்சு.

ஜனதா_61 (1.58)

தயங்கிச்சுன்னு சொல்றது நியாயம் இல்ல. எச்எம்டியும் குவார்ட்ஸ் செஞ்சது. 1961-ல ஜப்பான் சிட்டிசனோட சேர்ந்து பெங்களூர்ல வாட்ச் செய்யத் தொடங்கின கம்பெனி, சாதாரண ஜனங்க கையில முதல் வாட்சைக் கட்டினதே அதுதான். ஒரு மாடலுக்கு ஜனதான்னு பேர் வெச்சது சும்மாவா? அரசாங்க கம்பெனி, விலையையும் ஆளையும் தன் இஷ்டத்துக்கு மாத்த முடியாது. 2016-ல வாட்ச் கம்பெனியை மூட அரசாங்கம் ஒப்புதல் கொடுத்தப்போ எங்க வீட்டுல ஒருத்தர் செத்த மாதிரி இருந்தது.

ஓசூர்_கடிகை (2.10)

நான் எச்எம்டியைக் குறை சொல்லல. எங்க ஊர்ல ஆயிரக்கணக்கான குடும்பம் டைட்டனால சாப்பிட்டிருக்கு, அதைத் துரோகி மாதிரி பேசக்கூடாதுன்னுதான் சொல்றேன்.

ஜனதா_61 (2.22)

நானும் துரோகின்னு சொல்லலையே. ஒரு கடைக்கு முன்னாடி பளபளன்னு ஷோரூம் திறந்தா பழைய கடை என்ன ஆகும்னுதான் கேக்குறேன்.

மதுரை_முள் (2.30)

ரெண்டு பேரும் தனி இழை ஆரம்பிங்க, நானும் வர்றேன். இவருக்கு சாயங்காலம் கெடு.

பொள்ளாச்சி அண்ணே, முக்கியமான விஷயம். நீங்க 3.30-க்கு எந்திரிக்கிறதா சொன்னீங்க. அந்த நேரத்துல தேதியை மாத்தாதீங்க. ராத்திரி 9-க்கும் விடியக்காலை 4-க்கும் நடுவுல தேதி மாத்துற பல் சக்கரத்தைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். அப்ப சாவியைத் திருகினா பல் உடையும். 30 நாள் மாசம் முடிஞ்ச மறுநாள் மதியம் சாப்பாட்டுக்கு நிக்கும்போது மாத்துங்க.

அடுத்தது, 7எஸ்26-ல சாவியை இழுத்தாலும் செகண்ட் முள் நிக்காது. பஸ் ஸ்டாண்டு டைம் ஆபீஸ் கடிகாரத்தோட நொடி பிசகாம வைக்க ஒரு வழி இருக்கு. சாவியைக் கடைசி வரைக்கும் வெளிய இழுத்து, முள் பின்னாடி போற பக்கமா மெல்ல, மெல்ல அழுத்துங்க. செகண்ட் முள் அப்படியே நிக்கும். 12-ல நிக்கும்போது பிடிச்சுக்கிட்டு, நேரம் வந்ததும் விட்டுடுங்க.

பழைய_மெக்கானிசம் (2.41)

அது தப்பான பழக்கம். நிமிஷ முள் உக்கார்ற குழாய் பிடிமானம் தளர்ந்துடும். அப்புறம் முள் வழுக்கும்.

மதுரை_முள் (2.47)

வாரத்துக்கு ஒரு தடவை, பூ மாதிரி அழுத்தினா ஒண்ணும் ஆகாது சார். என் 7எஸ்26 பதினோரு வருஷமா அப்படித்தான் சரி பண்றேன். முள் வழுக்கல.

பழைய_மெக்கானிசம் (2.55)

உங்க ஒரு வாட்ச் சாட்சி ஆகாது. நான் சொல்றதைச் சொல்லிட்டேன்.

ரிப்பேர்கடை_மகன் (3.20)

முரட்டுத்தனமா பண்ணினா ஐயா சொல்றது நடக்கும், மெல்லப் பண்ணினா நடக்காது. ரெண்டுமே உண்மை.

தம்பிக்கு இன்னும் ரெண்டு. எந்த வாட்ச்சும் படுக்கப் போட்டா ஒரு வேகம், நிறுத்தி வெச்சா வேற வேகம். பகல்ல எவ்வளவு ஃபாஸ்ட் ஆகுதுன்னு ஒரு வாரம் எழுதி வைங்க. ஃபாஸ்டா இருந்தா, ராத்திரி அது எந்தப் பக்கமா இருந்தா ஸ்லோ ஆகுதோ அந்தப் பக்கமா வைங்க. பகல்ல கூடினது ராத்திரில கழிஞ்சுடும். எங்க கடைக்கு வந்த வாத்தியார் ஒருத்தர் இதுக்குன்னே ஒரு நோட்டு வெச்சிருந்தார்.

திடீர்னு ஒரு நாளைக்கு அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம் ஃபாஸ்ட் ஓடினா பயப்படாதீங்க, காந்தம் ஏறியிருக்கும். உங்க வண்டியில ஸ்பீக்கர் பெருசு பெருசா இருக்கும்ல, ராத்திரி கழட்டி அது மேல வெச்சுடாதீங்க. போன்ல திசைகாட்டியைத் திறந்து வாட்சைக் கிட்ட கொண்டு போங்க. முள் ஆடினா காந்தம்தான். கடையில காந்தம் எடுக்கிற மெஷின் இருக்கும், ஒரு நிமிஷ வேலை.

அண்ணாநகர்_ஆட்டோ (7.45)

என்ன ஆச்சு பொள்ளாச்சி? கடைக்குப் போனீங்களா?

ராத்திரி_ட்யூட்டி (வெள்ளி, 10.10)

அண்ணே, எதை வாங்கினீங்கன்னு ஒரு வரி போடுங்க.

பொள்ளாச்சிகாரன் (மூணு வாரம் கழிச்சு, ஞாயிறு, காலை 8.05)

மன்னிக்கணும், வேலையில வர முடியலை. பைலட்டை என் முன்னாடியே திறக்கச் சொன்னேங்க. சாவி ஓட்டைகிட்ட அண்ணா சொன்ன மாதிரியே பழுப்பா துரு. கடைக்காரரே மூடி வெச்சுட்டு, இது உங்களுக்கு வேணாம்னுட்டாரு. சீக்கோ வாங்கிட்டேன். 300 ரூபாய் குறைச்சாரு.

முதல் 8 நாள்ல 1 நிமிஷம் 52 செகண்ட் ஃபாஸ்ட். நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். இப்ப ராத்திரி சாவி மேல வர்ற மாதிரி சுவத்துல சாய்ச்சு நிறுத்தி வெக்கிறேன், ஒரு நாளைக்கு 5 செகண்ட்தான் கூடுது. திங்கக்கிழமை முதல் ட்ரிப்புக்கு முன்னாடி டைம் ஆபீஸ்ல நின்னு சரி பண்ணிக்கறேன். மெல்லத்தான் அழுத்தறேன் ஐயா. எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க.

பழைய_மெக்கானிசம் (8.40)

5 செகண்ட் நல்ல ஓட்டம். நோட்டை விடாதே.

ராத்திரி_ட்யூட்டி (9.02)

அந்த இரும்புச் செயின் முடியைப் பிடிச்சு இழுக்குமே, மாத்திட்டீங்களா?