வீட்டுக்காரி பங்காக 4 லட்சம் வந்திருக்கிறது, எந்தக் கடனை முதலில் அடைப்பது?

நொய்யல்கரை:

வணக்கம்ங்க. இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போது கேட்டே ஆகவேண்டிய நிலைமை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன், சம்பளம் 17,500. வீட்டுக்காரி வேறொரு கம்பெனியில் துணி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலை, வாரச் சம்பளம், கூட்டிப் பார்த்தால் மாசம் 11,000 தேறும், ஆர்டர் இல்லாத வாரம் அதுவும் இல்லை. பையன் ஆறாவது படிக்கிறான். அம்மாவும் எங்களோடுதான், 58 வயது, அப்பா இல்லை.

போன வருஷம் ஐப்பசியில் அம்மாவுக்கு ராத்திரி மூச்சு வாங்க ஆரம்பித்து, கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். 11 நாள் ஐ.சி.யு.வில் இருந்தார். இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து வாரம் இரண்டு டயாலிசிஸ், ஒரு தடவைக்கு 1,500, மாசம் 12,000 அப்படியே போய்விடுகிறது.

அந்த 11 நாளில் வாங்கிய கடன்தான் எல்லாம். கம்பெனிப் பக்கம் பைனான்ஸ் செய்கிறவரிடம் 1,80,000, மூணு வட்டி, புரோநோட்டும் தொகை எழுதாத இரண்டு செக்கும் கொடுத்திருக்கிறேன். வீட்டுக்காரி நகை 7 பவுன் கூட்டுறவு வங்கியில் 2,60,000-க்கு இருக்கிறது, ஐப்பசியோடு வருஷம் முடிகிறது. அதில் தாலிக்கொடியும் சேர்த்தி. 1 லட்ச ரூபாய் சீட்டை நாலாவது மாசமே தள்ளி எடுத்தேன், கைக்கு வந்தது 76,000, இன்னும் 5 மாசம் 5,000 வீதம் கட்டவேண்டும். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, 60,000 கொடுத்தார். வட்டி கிடையாது, கேட்கவும் மாட்டார். ஆனால் தை மாசம் அவர் பொண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாமனாருக்குக் காங்கேயம் பக்கம் 6 ஏக்கர் கொறங்காடு, அதாவது மாடு மேய்கிற மானாவாரிக் காடு, இருந்தது. மழை பெய்தால் கொழுக்கட்டைப்புல், பெய்யாவிட்டால் வெள்வேல மரமும் கிளுவை வேலியும்தான், அதை யாரும் சொத்தாகவே நினைத்ததில்லை. சோலார் போடுவதற்கு என்று ஆள் வந்து கேட்க, மச்சான்கள் விற்கப் போனபோது, பொண்ணு கையெழுத்து இல்லாமல் பத்திரம் ஆகாது என்று வாங்குகிறவர்களுடைய வக்கீல் சொல்லிவிட்டாராம். அதனால்தான் வந்தார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று, 4 லட்சம் வீட்டுக்காரி வங்கிக் கணக்கில் வந்துவிட்டது.

நகையை மீட்டுக்கொடுங்கள், மிச்சம் உங்கள் இஷ்டம் என்கிறாள். சம்பந்தி வீட்டுக் காசில் எனக்கு வைத்தியமா என்று அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. கூட வேலை செய்கிறவர் ஒருவர், 1 லட்சம் போட்டால் மாசம் 8,000 தருகிற இடம் இருக்கிறது, 4 லட்சத்தையும் போட்டுவிட்டு அதில் வருகிற பணத்தில் கடனை அடை என்கிறார். எனக்குத் தலை சுற்றுகிறது. எதை முதலில் அடைப்பதுங்க?

தறிச்சத்தம்:

சோமனூர்க்காரன், தறி ஓட்டிக் கடன்பட்டவன், அந்த உரிமையில் சொல்கிறேன். மூணு வட்டி என்று வாயால் சொல்லும்போது சின்னதாகத்தான் தெரியும். வருஷத்துக்கு நூற்றுக்கு 36 ரூபாய். நீங்கள் மாசம் 5,400 கட்டுகிறீர்கள், இந்த 11 மாசத்தில் 59,400 கொடுத்திருக்கிறீர்கள், அசல் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. கூட்டுறவு வங்கியில் என்ன, 80 பைசா வட்டி இருக்குமா? ஒரே 1 லட்சத்துக்கு அங்கே மாசம் 800, இங்கே 3,000. நகையை முதலில் மீட்டால் மலிவான கடனை அடைத்துவிட்டு விலை கூடின கடனை வீட்டில் வைத்து வளர்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

சீட்டைத் தொடவேண்டாம். எடுத்த சீட்டை முன்கூட்டியே கட்டி முடித்தால் உங்களுக்கு ஒன்றும் குறையப்போவதில்லை, அது பாட்டுக்கு ஓடட்டும்.

பைனான்ஸ்காரரிடம் போகும்போது தனியாகப் போகாதீர்கள், பொதுவான ஆள் ஒருத்தரைக் கூட்டிப் போங்கள். புரோநோட்டும் இரண்டு செக்கும் மேஜைமேல் வந்த பிறகு பணத்தைக் கொடுங்கள், அதுவும் வங்கி வழியாக. அடைத்த கடனுக்குப் பழைய செக்கைப் போட்டு வம்பு செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கந்துவட்டிக்கு எதிராக 2003-லேயே சட்டம் வந்துவிட்டது, ஆனால் கையெழுத்துப் போட்ட வெறும் செக் அடுத்தவர் கையில் இருக்கும்போது அதைப் பேசிக்கொண்டிருக்க நமக்குத் தெம்பு இருக்காது.

வாய்க்கால்மேடு:

அந்த மாசம் 8,000 ஆளிடம், பணம் போட்டால் மாசாமாசம் தருகிறோம் என்று சொன்ன ஈமு கோழித் திட்டமெல்லாம் எங்கே போயிற்று என்று ஒரு வார்த்தை கேளுங்கள். 2012-ல் பெருந்துறைப் பக்கம் அத்தனை பேர் கதறியதை மறந்துவிட்டோமா, எங்கள் சித்தப்பா தோட்டத்தில் கடைசியில் தீவனம் போட ஆள் இல்லாமல் அதுகள் கம்பி வேலியோரம் நின்றுகொண்டிருந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது.

அரச்சலூர் அம்மிணி:

எல்லோரும் வட்டிக் கணக்கே போடுகிறீர்கள். தம்பி, அது யார் பணம்? நீங்களே தலைப்பில் வீட்டுக்காரி பங்கு என்று எழுதிவிட்டு, எதை அடைக்கலாம் என்று ஊரைக் கேட்கிறீர்கள். அந்தப் பொண்ணு நகையைக் கழற்றிக் கொடுத்தது மாமியார் உயிருக்காக. இந்த ஒரு வருஷமாக மஞ்சள் கயிறோடு கல்யாணத்துக்கும் சீருக்கும் போய், கொடி எங்கே கண்ணு என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நின்றிருக்கும். அந்த வட்டிக்கு எந்த வங்கியில் கணக்கு இருக்கிறது?

அதற்காக மூணு வட்டியை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை, அது நெருப்பு, தெரியும். அடகுச் சீட்டு ஒன்றா இரண்டா என்று பாருங்கள். தனித்தனியாக வைத்திருந்தால் கொடி இருக்கிற சீட்டை மட்டும் மீட்டுக்கொண்டு, மற்றதற்கு வட்டியைக் கட்டித் திருப்பி வைக்கலாம். அரசின் நகைக்கடன் தள்ளுபடி வரும் என்று யாராவது சொன்னால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள், 2021-ல் அறிவித்ததே 5 பவுன் வரைக்கும்தான், உங்களுடையது 7.

அப்புறம், மகனுக்கு என்ன பங்கோ அதேதான் மகளுக்கும் என்று 2005-லேயே சட்டம் வந்தாயிற்று. 6 ஏக்கர் என்ன விலைக்குப் போயிற்று என்று யாராவது அந்தப் பொண்ணிடம் சொன்னார்களா?

நொய்யல்கரை:

அக்கா, நீங்கள் கேட்டது சரிதான். விலை எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பையனுக்கு நாளைக்கு மாமன் சீர் செய்ய மச்சான்கள் வேண்டும் என்று அவள்தான் அந்தப் பேச்சே வேண்டாம் என்றாள். அது முடிந்த கதை.

அடகுச் சீட்டு இரண்டுங்க. கொடி 3 பவுன் 1,10,000-க்கு, ஆரமும் வளையலும் 4 பவுன் 1,50,000-க்கு. நான் இதை யோசிக்கவே இல்லை.

பட்டுவாடா:

நான் திருப்பூரில்தான் ஒரு கம்பெனியில் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன், எனக்கு ஒன்று பிடிபடவில்லை. சம்பளம் 17,500 என்கிறீர்கள். 21,000 வரைக்கும் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு உண்டு. சம்பளச் சீட்டில் பிடிக்கிறார்களா இல்லையா? பிடித்தால் ஏன் டயாலிசிஸுக்குக் கைக்காசு கொடுக்கிறீர்கள்?

நொய்யல்கரை:

பிடிக்கிறார்கள், 132 ரூபாய். நாலு வருஷமாகப் பிடிக்கிறார்கள். எனக்குக் காய்ச்சல் என்றால்கூட டிஸ்பென்சரிக்குப் போனதில்லை, அரை நாள் சம்பளம் போய்விடும் என்று பக்கத்து மெடிக்கலில் மாத்திரை வாங்கிக்கொள்வேன். அது எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அட்டையில் நானும் வீட்டுக்காரியும் பையனும் இருக்கிறோம், அம்மா பெயர் இல்லை.

பட்டுவாடா:

எப்படித்தான் இப்படி விட்டீர்களோ. உங்களைக் குறை சொல்லவில்லை, எங்கள் கம்பெனியிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது, வேலைக்குச் சேரும்போது அவசரத்தில் பாரம் நிரப்புகிறவர் அம்மா அப்பா பெயரைக் கேட்பதில்லை.

உங்களை அண்டியிருக்கிற அம்மாவும் அப்பாவும் அதில் சேர்த்தி. அவர்களுக்குச் சொந்த வருமானம் மாசம் 9,000-க்குள் இருக்கவேண்டும், அவ்வளவுதான். நாளைக்குக் காலையில் ஆபீசில் சம்பளம் போடுகிறவரைப் பிடித்து அம்மாவின் ஆதாரையும் போட்டோவையும் கொடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். அப்புறம் பழைய ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உங்களுக்கு ஒதுக்கின டிஸ்பென்சரிக்குப் போங்கள், அங்கிருந்துதான் மேலே எழுதித் தருவார்கள், பெரும்பாலும் கோவை சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு. ஒரே நாளில் நடக்காது. இரண்டு மூன்று தடவை அலையவேண்டியிருக்கும், ஒரு கையெழுத்துக்காகத் திரும்பி வரவேண்டியிருக்கும், கோபப்படாதீர்கள். அதுவரைக்கும் இப்போது போகிற இடத்திலேயே டயாலிசிஸ் நடக்கட்டும், ஒரு வாரம்கூட விடக்கூடாது.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுங்கள் என்று யாராவது சொல்வார்கள். அதிலும் டயாலிசிஸ் உண்டுதான், ஆனால் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000-க்குள் இருக்கவேண்டும், உங்கள் இரண்டு சம்பளத்தையும் சேர்த்தால் தாண்டிவிடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கேட்டுப் பாருங்கள், இடம் கிடைக்க வரிசை இருக்கலாம். வயிற்று வழியாக வீட்டிலேயே செய்கிற முறையும் இருக்கிறது, மக்களைத் தேடி மருத்துவத்தில் அதற்கான பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அம்மாவுக்கு அது ஒத்துவருமா என்பதை டாக்டர்தான் சொல்லவேண்டும்.

இந்த 12,000 நிற்காமல் நீங்கள் எந்தக் கடனை அடைத்தாலும் ஆறே மாசத்தில் அதே பைனான்ஸ்காரர் வாசலில் நிற்பீர்கள்.

மஞ்சக்காடு:

கடைசி வரிக்கு நானே சாட்சி. எங்கள் அப்பாவுக்கும் இதே டயாலிசிஸ், மூன்று வருஷம். மஞ்சளுக்கு நல்ல விலை கிடைத்த ஒரு வருஷம், ஈரோடு மண்டியில் போட்டுவிட்டு வந்த கையோடு எல்லாக் கடனையும் கடைசி ரூபாய் வரைக்கும் அடைத்தேன். அன்றைக்கு ராத்திரி தூங்கின தூக்கம் இருக்கிறதே, அப்படி ஒரு தூக்கம். இருபதாவது நாள் அப்பா கையில் டயாலிசிஸுக்காக வைத்திருந்த பிஸ்டுலா அடைத்துக்கொண்டது. உடனே சரிசெய்யவேண்டும் என்றார்கள். வீட்டில் 3,000 ரூபாய்கூட இல்லை. வாங்கினேன், எங்கே? அதே மூணு வட்டிதான்.

அதனால் நான் சொல்வது, கடனை அடைக்கிற வேகத்தில் கையைத் துடைத்துவிடாதீர்கள். அஞ்சாறு தடவை டயாலிசிஸுக்கும் ஒரு அவசரத்துக்கும் ஆகிற மாதிரி 50,000 வீட்டுக்காரி கணக்கிலேயே கிடக்கட்டும், உங்கள் கணக்குக்கு மாற்றவேண்டாம், மாற்றினால் கரைந்துவிடும்.

அண்ணன் முறைக்காரர் விஷயம்தான் இதில் கஷ்டமானது. வட்டி இல்லாத கடனைக் கடைசியில் வைக்கலாம் என்று கணக்கு சொல்லும். கல்யாணம் வைத்திருக்கிற மனுஷன், கேட்கமாட்டார் என்பதற்காகவே அவரிடம் நாமாகப் போகவேண்டும். முழுசும் முடியாவிட்டால் பாதி இப்போது, பாதி எப்போது என்று நேரில் சொல்லிவிடுங்கள். போனில் வேண்டாம்.

தறிச்சத்தம்:

அம்மிணி சொன்னதை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பைனான்ஸ் 1,80,000. கொடி 1,10,000, அதன் வட்டி ஏறக்குறைய 10,500. ஆரம் வளையலுக்கு வட்டி மட்டும் 14,500 கட்டித் திருப்பி வைத்தால் மொத்தம் 3,15,000. மிச்சம் 85,000. அண்ணனுக்கு 30,000, கையில் 55,000. மாசம் 5,400 வட்டி நிற்கிறது. இ.எஸ்.ஐ. அமைந்தால் 12,000-மும் நிற்கும், அதில் ஆரத்தையும் வளையலையும் அடுத்த ஐப்பசிக்குள் மீட்கலாம்.

நகையை முதலில் மீட்கவேண்டாம் என்று நான் சொன்னது கொடியைச் சேர்த்துத்தான். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், அம்மிணி.

நொய்யல்கரை:

பத்து நாள் கழித்து வருகிறேன், அலைச்சல்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி வீட்டுக்காரியிடமே கொடுத்தேன். பார்த்துவிட்டு ஒரே ஒரு மாற்றம் செய்தாள், அண்ணனுக்கு 30,000 இல்லை, 40,000 என்று. எனக்குப் பேச்சே வரவில்லை. நேரில் போய்க் கொடுத்தோம். எண்ணிக்கூடப் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், அப்புறம் அண்ணிதான் உள்ளேயிருந்து, நல்ல நேரத்தில் வந்தது கண்ணு, பந்தல்காரனுக்கு அட்வான்ஸ் தரவேண்டியிருந்தது என்றார்.

கொடி வந்துவிட்டது. அம்மா பெயர் இ.எஸ்.ஐ.யில் ஏறிவிட்டது, டிஸ்பென்சரியில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், திங்கட்கிழமை சிங்காநல்லூர் போகிறோம். அது நான் கட்டின காசில் வருகிறது என்று சொன்ன பிறகுதான் அம்மா முகம் கொஞ்சம் தெளிந்தது. மாசம் 132 ரூபாய் என்று சொல்லவில்லை.

பைனான்ஸ்காரரிடம் எங்கள் லைன் வீட்டு ஓனரைக் கூட்டிப் போனேன். புரோநோட்டைக் கொடுத்துவிட்டார், ஒரு செக்கும் கொடுத்தார். இன்னொன்று எங்கேயோ வைத்துவிட்டேன், தேடித் தருகிறேன் என்கிறார். பணம் இன்னும் கொடுக்கவில்லை. என்ன செய்யட்டும்?

தறிச்சத்தம்:

கொடுக்காததுதான் சரி. இரண்டு நாள் தவணை சொல்லுங்கள். கிடைக்கவில்லை என்றால் அந்தச் செக் நம்பரைக் குறிப்பிட்டு, கடன் முழுசும் தீர்ந்தது, இந்தச் செக்கைப் பயன்படுத்த மாட்டேன் என்று எழுதி, அவர் கையெழுத்தும் ஓனர் சாட்சிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு பணத்தை மாற்றுங்கள். அன்றைக்கே வங்கியில் அந்த நம்பரை நிறுத்திவைக்க எழுதிக் கொடுத்துவிடுங்கள். செக் புக்கின் அடிக்கட்டையில் நம்பர் இருக்கும், பாருங்கள்.

நொய்யல்கரை:

இருக்குங்க. நாளைக்கு ஷிப்ட் முடிந்ததும் ஓனரோடு மறுபடியும் போகிறேன்.