ஆச்சி வீட்டுக் குரூப்: ரேந்தை அட்டைகள்

நான்: பெரியம்மா, ஆச்சியின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். ரேந்தை, அதாவது லேஸ், பின்னும்போது குண்டூசி குத்துவதற்குத் துளை போட்ட மாதிரி அட்டைகள் இருபதுக்கு மேல் இருக்கின்றன. பாதி சுருண்டு கிடக்கிறது, நாலைந்தில் துளைகளே கிழிந்து ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. எல்லாவற்றையும் லேமினேஷன் பண்ணிவிடவா?

பெரியம்மா: ஐயோ, கடைக்குக் கிளம்பிவிடாதே மக்களே! சூட்டில் ஒட்டிவிட்டால் அப்புறம் பிரிக்கவே முடியாது, துளையும் அடைந்துபோகும்.

அண்ணன்: போனில் போட்டோ எடுத்து வைத்தால் போதாதா

பெரியம்மா: பார்த்து ரசிக்கப் போதும். பின்ன முடியாது. போட்டோவில் ஓரம் வளையும், குண்டூசி இடம் மாறி நின்றால் பூ கோணலாகத்தான் வரும்.

சித்தி: ஜெராக்ஸிலும் ஏமாறலாம். போன வருஷம் கைக்குட்டை ஓர அட்டையைக் கொடுத்தேன், கடைப் பையன் தாளுக்குள் அடங்கட்டும் என்று நூற்றுக்கு மூன்று சுருக்கியிருக்கிறான், சொல்லவே இல்லை. ரேந்தை பின்னும் உருளைத் திண்டைச் சுற்றி 45 சென்டிமீட்டர் வர வேண்டிய அட்டை, முனையும் முனையும் சேராமல் ஒரு விரல் இடைவெளி. இன்னொரு பூ சேர்க்கலாம் என்றால் அதற்கும் இடம் போதாது 😭

பெரியம்மா: அதனால்தான் அட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலையும் வைத்து ஜெராக்ஸ் போடச் சொல்கிறேன். வந்த தாளில் இருக்கும் ஸ்கேலை நிஜ ஸ்கேலோடு ஒட்டிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அட்டைக்குப் பின்னால் கறுப்புத் தாள் வை, துளை எல்லாம் கறுப்புப் புள்ளியாக விழும். நல்ல நிலையில் இருக்கும் அட்டைக்கு ஜெராக்ஸே வேண்டாம். தெர்மாகோல் மேல் புது அட்டை, அதன் மேல் பழையது, கிளிப் போட்டு, ஊசியை நேராகப் பிடித்து ஒவ்வொரு துளையாகக் குத்து. சாய்ந்தால் போச்சு.

நான்: கிழிந்ததை?

பெரியம்மா: அதை அப்படியே குத்தாதே. துளை பெரிதாகிவிட்டதால் ஊசி உள்ளேயே அலையும், அந்தத் தப்பு அடுத்த நகலுக்கும் போகும். கட்டக் கணக்கில் வரும் டார்ஷன் வகை ரேந்தை என்றால் கட்டத்தாளில் புள்ளி வைத்துப் புதிதாக வரைந்துவிடலாம். ஜெராக்ஸ் தாளை அட்டையில் ஒட்டி, மேலே பளபளப்பில்லாத நீலக் கண்ணாடித்தாள் ஒட்டிவிட்டுத்தான் துளை போட வேண்டும். மை நூலில் ஏறாது, வெள்ளை நூலும் கண்ணுக்குத் தெரியும்.

அண்ணன்: லேமினேஷன் கூடாது, கண்ணாடித்தாள் மட்டும் ஆகுமோ 😄

பெரியம்மா: அது நகலுக்குடா. ஆச்சி அட்டை மேல் எதுவும் ஒட்டக் கூடாது, செல்லோடேப் கூட. பழுப்பேறிப் பிசுபிசுக்கும்.

மதினி: ஆச்சிக்கு இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்கள் அத்தை?

பெரியம்மா: அவர்கள் அம்மா. எல்லாவற்றுக்கும் முன்னால் மிஷன் பள்ளிக்கூடம். மால்ட் அம்மையார் 1820-களில் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு ரேந்தை பழக்கினார். அவர் மகள் எலைசா கல்யாணமாகி இடையன்குடிக்குப் போய் அங்கேயும் ஆரம்பித்தார். மாப்பிள்ளை யார் தெரியுமா, கால்டுவெல்.

அண்ணன்: திராவிட மொழி கால்டுவெல்லா!! இது தெரியாமல் போச்சே

சித்தி: ரேந்தை என்ற பேரே போர்த்துக்கீசிய வார்த்தைதான். சரி, எப்படி எடுத்து வைப்பது, அதைச் சொல்லுங்கள் அக்கா.

பெரியம்மா: சுருட்டாமல், மடிக்காமல், படுக்க வைத்து. இரண்டுக்கு நடுவில் ஒரு வெள்ளைத்தாள். ரப்பர் பேண்ட் போட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும், வேண்டாம். அந்துருண்டையைத் துணியில் முடிந்து பெட்டி மூலையில் போடு, அட்டையைத் தொடக் கூடாது. சுருண்டிருப்பதைக் கையால் நிமிர்த்தாதே, உடையும். கனமான புத்தகத்துக்கு அடியில் நாலு நாள் கிடக்கட்டும்.

நான்: சில அட்டைக்குப் பின்னால் பென்சிலில் பாபின் (நூல் சுற்றும் கட்டை) ஜோடி எண்ணிக்கை எழுதியிருக்கிறார்கள். இதில் மட்டும் எண் இருந்த மூலை இல்லை. [படம்]

பெரியம்மா: இது தலையணை உறைக்குப் போட்டது. 22 ஜோடி. பாபினுக்கு நூல் சுற்றிக் கொடுத்ததே நான்தான்.

நான்: எழுதி வைக்கிறேன்.

பெரியம்மா: பென்சிலில், பின்பக்கம். முன்பக்கம் எழுதினால் நூல் கறுக்கும். சனிக்கிழமை வருகிறேன், அதுவரை ஒன்றையும் தொடாதே.