குடும்ப வாட்ஸ்அப் குழு: கதிரோட மேஜிக்கும் ஒரு நாற்காலியும்

கதிர்: மாமா, ஞாயித்துக்கிழமை எல்லாரும் சேருறோமே, அதுல 20 நிமிஷம் மேஜிக் பண்றேன்னு சொல்லிட்டேன். போன தடவை மாதிரி சொதப்பக் கூடாது.

மீனா: மேஜிக் ஒண்ணும் சொதப்பல. நீ மேடைக்கு இழுத்துட்டுப் போன பெரியவர் கோபிச்சுக்கிட்டு வெளிய போயிட்டார், அவ்ளோதான்.

மாமா: இழுத்தியா? அங்கயே தப்பு. "நான் வரேன்"னு கையத் தூக்கித் துள்ளுறவனும் வேணாம், ஷோவ உன்கிட்டருந்து பிடுங்கிருவான். தரையப் பாக்குறவரையும் விட்ரு. முதல் ரெண்டு ஐட்டம் தனியாப் பண்ணு. அப்போ யார் சிரிச்சுக்கிட்டே பக்கத்து ஆளைத் திரும்பிப் பாக்குறாங்களோ, அவங்களக் கூப்பிடு.

கதிர்: காகித உருண்டை பண்ணலாம்னு இருக்கேன்.

அம்மா: அது என்னடா?

மாமா: ஒருத்தரை நாற்காலில உட்கார வெச்சு, அவர் கண்ணு முன்னாடியே டிஷ்யூ பேப்பர் உருண்டைய மறைய வைக்கிறதும்மா. உண்மையில அது அவர் தலைக்கு மேல பறந்து பின்னாடி விழும். சபை மொத்தமும் பாக்கும், அவருக்கு மட்டும் தெரியாது. ஸ்லைடினின்னு ஒரு மேஜிக்காரர் செஞ்சு பேர் வாங்கின ஐட்டம்.

மீனா: மூஞ்சிக்கு நேரா வீசுறது எப்படித் தெரியாமப் போகும்?

மாமா: இடது கை மூடி அவர் கண்ணுக்கு நேரா இருக்கும். உருண்டை இருக்குற வலது கை ஒண்ணு, ரெண்டுன்னு தட்டுற மாதிரி மேல போய்க் கீழ வரும். மூணாவது தடவை மேல போறப்பவே உருண்டைய விட்ருவோம், வெறுங்கைதான் கீழ வரும். ஆனா அவர் இன்னும் மூடின கையத்தான் பாத்துக்கிட்டிருப்பார். கதிரு, நீயும் பறக்குற உருண்டையப் பாத்துடாத. உன் கண்ணு போற இடத்துக்குத்தான் அவர் கண்ணும் போகும்.

அத்தை: கல்யாணமான புதுசுல என்னை உட்கார வெச்சார். மேல ஃபேன் ஓடிக்கிட்டிருந்துச்சு. உருண்டை திரும்பி வந்து என் மடியிலயே விழுந்துச்சு. அவர் வாழ்க்கையிலயே பெரிய கைத்தட்டல் அன்னிக்குதான்.

மாமா: அதுக்கப்புறம் ஃபேன நிறுத்தாம ஆரம்பிச்சதே இல்ல.

கதிர்: ஆனா மாமா, ஒருத்தரை உட்கார வெச்சு ஊரே சிரிக்கிறது ஒரு மாதிரி இல்லையா?

மாமா: நீயும் சேர்ந்து சபையப் பாத்துக் கண்ணடிச்சா அசிங்கம்தான். நீ சிரிக்கவே கூடாது. உருண்டை ஒவ்வொண்ணும் முந்தினதவிடப் பெருசா இருக்கணும். கடைசில தலையணை சைஸுக்கு ஒண்ணு சுருட்டி மெதுவாத் தூக்கிப் போடு, அவரே திரும்பிப் பாக்கட்டும். பின்னாடி கெடக்குற குவியலப் பாத்து அவர் சிரிக்கிற வரைக்கும் ஐட்டம் முடியல. அவர் எறங்குறப்போ முதல் கைத்தட்டு உன்னோடதா இருக்கணும்.

மாமா: டாமி கூப்பர்னு ஒரு பிரிட்டிஷ்காரர். தலையில சிவப்புக் குல்லா. வேணும்னே வித்தை வித்தையாச் சொதப்புவார், சிரிப்பு மொத்தமும் அவர் மேலதான். உள்ளுக்குள்ள நல்ல கைக்காரர். 1984ல லண்டன் மேடையில, டிவில நேரடியா ஓடிக்கிட்டிருக்குறப்பவே மாரடைப்புல சாஞ்சார். இதுவும் வித்தைதான்னு சபை சிரிச்சுக்கிட்டே இருந்துச்சு.

அம்மா: ஐயோ. அண்ணா, இதெல்லாம் ஏன் இப்போ.

மீனா: குட்டிப் பசங்களுக்கு என்ன பண்றது மாமா?

மாமா: உடையுற மந்திரக்கோல். என் கையில நேரா நிக்கும், புள்ள கையில குடுத்தா துண்டு துண்டாத் தொங்கும். ஒரு தடவை ஒரு பாப்பா தான்தான் உடைச்சிட்டோம்னு அழ ஆரம்பிச்சிருச்சு. இப்போல்லாம் முதல்ல என் கையிலயே ஒரு தடவை உடைஞ்சிரும்.

கதிர்: சூப்பர் மாமா. உருண்டைக்கு சித்தப்பாதான் என் டார்கெட். அவருக்கு சுத்தமாத் தெரியாது.

மீனா: டேய். சித்தப்பா இந்தக் குரூப்லதான இருக்கார்.

கதிர்: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

அத்தை: லேட்டுடா கண்ணு.

மாமா: பரவாயில்ல விடு. மேடைக்கு வந்த ஆள் காதுல ஒரு வார்த்தை போட்டு நம்ம பக்கம் சேத்துக்கிறதும் தொழில்ல இருக்குறதுதான். மாப்ளே, தெரிஞ்சும் தெரியாத மாதிரி உட்கார முடியுமா?

சித்தப்பா: கல்யாணமாகி இத்தனை வருஷமா அதத்தான மச்சான் பண்றேன். மூணாவது உருண்டையிலயே முழிக்கவா, இல்ல எல்லாம் தலைக்கு மேல போனப்புறமா?