ஸ்பானிஷ் புதுசா கத்துக்கறவங்களுக்கு எழுத்துல இருந்து ஆரம்பிக்கலாமா?

வெண்பலகை:
வணக்கம். பெரியவங்களுக்கு ஸ்பானிஷ் அடிப்படை வகுப்பு எடுக்க ஆரம்பிச்சிருக்கேன். எல்லாருக்கும் இங்கிலீஷ் நல்லா படிக்கத் தெரியும், சிக்கலும் அங்கதான் வருது. ஸ்பானிஷ்ல ஐ எழுத்தோட பேரு "இ", ஈ எழுத்தோட பேரு "எ". நான் "இ"ன்னு சொன்னா பாதி பேர் ஈ எழுதறாங்க, "எ"ன்னா ஏ எழுதறாங்க. இதுல பழைய புக்ல 29 எழுத்துன்னு இருக்கு, நெட்ல 27, ஒரு சார்ட்ல 30. எதை சொல்லிக் குடுக்கறது, முதல் கிளாஸ்லயே மொத்தத்தையும் பாட்டா பாடி மனப்பாடம் பண்ண வைக்கலாமா?

பழையஅகராதி:
எண்ணிக்கைக்கு மட்டும் நான் சொல்றேன். இப்ப 27தான். இங்கிலீஷ்ல இருக்கற 26, கூட N எழுத்து மேல அலைக்கோடு போட்ட "எஞ்ஞே". முன்னாடி சி-ஹெச், டபுள் எல் ரெண்டையும் தனி எழுத்தா வெச்சிருந்தாங்க, அதான் உங்க புக்ல 29. 1994ல ஸ்பானிஷ் மொழி அகாடமிகள் எல்லாம் சேர்ந்து அகராதி வரிசையில இதுக்கு தனி இடம் வேண்டாம்னு முடிவு பண்ணாங்க, 2010ல வந்த எழுத்திலக்கணத்துல எழுத்துப் பட்டியல்ல இருந்தே எடுத்துட்டாங்க. டபுள் ஆரையும் சேர்த்து எண்றவங்க 30ம்பாங்க. எழுத்துதான் போச்சு, சத்தம் போகல, அதனால சி-ஹெச்சோட "ச்சே" சத்தத்தை கண்டிப்பா சொல்லிக் குடுங்க.

ஒலிமுதல்:
பாட்டு வேண்டாம்ங்க, முதல் கிளாஸ்ல உயிரெழுத்து அஞ்சு போதும். ஸ்பானிஷ்ல உயிர் சத்தம் அஞ்சே அஞ்சுதான், நம்ம அ எ இ ஒ உ கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும், எந்த வார்த்தையில வந்தாலும் மாறாது, குறில் நெடில்னு அர்த்தம் மாறற வேலையும் இல்ல. காஸா, மெஸா, ஓலான்னு வார்த்தையை காட்டி படிக்க வைங்க, எழுத்தோட பேரே சொல்லாதீங்க, இங்கிலீஷ் குறுக்க வர்றது தானா குறைஞ்சிடும்.

தமிழ் தெரிஞ்சவங்களுக்கு இன்னொரு பெரிய வசதி இருக்கு, இதை யாரும் பயன்படுத்த மாட்டேங்கறாங்கன்னு எனக்கு ரொம்ப ஆதங்கம். ஸ்பானிஷ் டி (T) நம்ம "த", இங்கிலீஷ் பழக்கத்துல "ட" வரும், முதல் நாளே திருத்திடுங்க, தக்காளிக்கு "தொமாத்தே", டொமாட்டே இல்ல. அப்புறம் நாம "அது"ன்னு சொல்லும்போது நடுவுல "து" எவ்ளோ மெல்லிசா வருது பாருங்க, "நாதா"ன்ற ஸ்பானிஷ் வார்த்தைல வர்ற டி (D) அதே மெல்லிசுதான். "அகம்"ல வர்ற க மாதிரிதான் "ஆகுவா"ல வர்ற ஜியும். எஞ்ஞேவுக்கு நம்ம கிட்ட ஞ ரெடியா இருக்கு.

நேரம் செலவு பண்ண வேண்டியது சி, ஜி ரெண்டுக்கும்தான். ஜிக்கு அப்புறம் ஈ, ஐ வந்தா சத்தம் "ஹ", நடுவுல ஒரு யூ போட்டா "தங்கம்"ல வர்ற "க" ஆயிடும், அந்த யூ பேசாது, கிதார்ரா மாதிரி. யூ மேல ரெண்டு புள்ளி வெச்சா அது பேசும், பிங்குவீனோ. ஹெச்சுக்கு சத்தமே கிடையாது, பி (B) வி (V) ரெண்டும் ஒரே சத்தம். கேவும் டபுள்யூவும் வெளிமொழி வார்த்தைலதான் அதிகம், அதை அப்புறம் பாத்துக்கலாம்.

தொலைபேசி:
ஒலிமுதல் சொல்றதுல முக்கால்வாசி சரி, ஆனா எழுத்தோட பேரை ரொம்ப தள்ளிப் போடாதீங்க. நம்ம ஊர்ப் பேர் ஸ்பானிஷ் பேசறவங்களுக்குப் புதுசு, போன்ல எங்க பேசினாலும் ஸ்பெல்லிங் கேப்பாங்க. கிளாஸ்ல அவங்கவங்க சொந்தப் பேரை எழுத்துக் கூட்டி சொல்ல வைங்க, பக்கத்துல இருக்கறவங்க எழுதட்டும், வெறும் பாட்டை விட நல்லா நிக்கும். ஜி "ஹே", ஜே "ஹோத்தா", இது ரெண்டும் குழம்பும், தனியா பழக்கணும். வி "ஊவே", ஆனா லத்தீன் அமெரிக்கால பல இடத்துல பியை "நீள பே", வியை "குட்டை வே"ம்பாங்க, அதையும் காதுல போட்டு வைங்க.

வெண்பலகை:
ரொம்ப நன்றி, உயிரெழுத்துல இருந்தே ஆரம்பிக்கறேன். சி, இஸட் ரெண்டுக்கும் ஸ்பெயின் உச்சரிப்பா, லத்தீன் அமெரிக்காவா?

ஒலிமுதல்:
உங்களுக்கு எது இயல்பா வருதோ அதை எடுங்க, நடுவுல மாத்தாதீங்க. லத்தீன் அமெரிக்கா முழுக்க "ஸ"தான், அதனால வீடு (casa), வேட்டை (caza) ரெண்டுக்கும் "காஸா"ன்னே கேக்கும். ஸ்பெயின்ல பெரும்பாலான இடத்துல வேட்டைக்கு நாக்கு பல்லுக்கு நடுவுல வரும், இங்கிலீஷ்ல திங்க்னு சொல்ற மாதிரி. ரெண்டு ஆடியோவும் போட்டுக் காட்டுங்க. ஆனா "பெரோ"ன்னா ஆனால், "பெர்ரோ"ன்னா நாய், இந்த ஆர் வித்தியாசம் எந்த நாட்டுலயும் உண்டு, இதை மட்டும் கிளாஸ் கிளாஸா விடாம பழக்குங்க.