மார்ச் 17 அன்று சாப்பிடுவது ஐரிஷ் சாப்பாடே இல்லை!

நெய்தல்:
அயர்லாந்தின் காவல் புனிதருக்கான செயின்ட் பேட்ரிக் தினம் வந்தாலே அமெரிக்கக் கடைகளில் கார்ன்ட் பீஃபையும் (உப்புநீரில் ஊறிய மாட்டுக்கறி) முட்டைக்கோஸையும் 'பாரம்பரிய ஐரிஷ் விருந்து' என்று குவித்துவிடுகிறார்கள். அயர்லாந்தில் முட்டைக்கோஸோடு வேகவைப்பது பேக்கன், அதாவது உப்பிட்ட பன்றிக்கறி. சுத்தமான போலிப் பாரம்பரியம் இது.

உப்புக்கண்டம்:
போலியா? அயர்லாந்தில் 1845-இல் தொடங்கிய பஞ்சத்துக்குத் தப்பி நியூயார்க் வந்த ஏழைகள் ஊரில் மாட்டுக்கறி சாப்பிட்டதே அபூர்வம், அங்கே பசு பாலுக்கும் வெண்ணெய்க்கும்தான். இங்கே வந்தால் பக்கத்திலேயே யூதர்களின் மத விதிப்படி நடக்கும் கோஷர் இறைச்சிக் கடை, அதில் பன்றி கிடையாது, கட்டுப்படியான விலையில் இருந்தது உப்புநீரில் ஊறிய மாட்டு நெஞ்சுக்கறி. அதை வாங்கி முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கோடு ஒரே பானையில் போட்டார்கள். பிழைக்க வந்த இடத்தில் உருவான சமையல், அவ்வளவுதான்.

நெய்தல்:
அப்படியானால் அமெரிக்க உணவு என்று சொல்லுங்களேன், அயர்லாந்தை ஏன் இழுக்க வேண்டும்?

கார்காலம்:
இருவருமே அயர்லாந்தின் துறைமுகமான கார்க் நகரத்தை மறந்துவிட்டீர்கள். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் அங்கிருந்துதான் உப்பிட்ட மாட்டுக்கறி பீப்பாய் பீப்பாயாகப் பிரிட்டிஷ் கடற்படைக்கும் கரீபியன் தோட்டங்களுக்கும் போனது. உப்புப் போட்டவன் ஐரிஷ்காரன், வாங்கித் தின்ன வசதியில்லாதவனும் அவனேதான்.

நெய்தல்:
சரி, கறியை விடுங்கள். சிகாகோவில் ஆற்றுக்கே பச்சைச் சாயம் ஊற்றுகிறார்களே? கழிவுநீர் எங்கிருந்து ஆற்றில் கலக்கிறது என்று கண்டுபிடிக்க பிளம்பர்கள் பயன்படுத்திய சாயம், 1962-இல் கொண்டாட்டமாகிவிட்டது. அயர்லாந்தில் அது திருச்சபை நாள், மதுக்கடைகளையே அன்று மூடி வைத்திருந்த காலமும் உண்டு.

உப்புக்கண்டம்:
அதே அயர்லாந்தில் டப்ளினின் இன்றைய பல நாள் திருவிழா 1996-இல்தான் தொடங்கியது. நியூயார்க் ஊர்வலம் 1762-லிருந்து நடக்கிறது, அமெரிக்கா என்ற நாடே அப்போது இல்லை! 'ஐரிஷ்காரர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்' என்று வேலை விளம்பரம் போட்ட ஊரில், நாங்கள் இத்தனை பேர் இருக்கிறோம் என்று தெருவில் இறங்கிக் காட்டியது போலியா?

கார்காலம்:
யாருடைய ஊர்வலம் என்பதையும் கேளுங்கள். அந்த நியூயார்க் ஊர்வலத்தில் தன்பாலீர்ப்பாளர் அமைப்பு ஒன்று தன் பதாகையோடு நடக்க 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒதுக்கப்பட்டவர்கள் நடத்திய ஊர்வலமே இன்னொருவரை ஒதுக்கியது.

உப்புக்கண்டம்:
அது நியாயமான குற்றச்சாட்டு, ஆனால் வேறு விஷயம். 2023-இல் மார்ச் 17 தவக்கால வெள்ளியில் வந்தது, கத்தோலிக்கர்களுக்குக் கறி கூடாத நாள், ஆனாலும் அமெரிக்க ஆயர்கள் பலர் விலக்குக் கொடுத்தார்கள். எல்லாம் இந்தக் கார்ன்ட் பீஃபுக்காகத்தான்! ஆயரே ஒப்புக்கொண்ட சாப்பாட்டுக்கு உங்கள் முத்திரை எதற்கு?

நெய்தல்:
ஆயர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். மாவு, சமையல் சோடா, உப்பு, மோர், இந்த நான்கில் முடிகிற சோடா பிரெட்டில் சர்க்கரையும் உலர்திராட்சையும் அள்ளிப் போட்டுக் கேக்காக்கிவிட்டு அதையும் ஐரிஷ் என்கிறார்களே, அதற்கு யார் விலக்குக் கொடுத்தது?

உப்புக்கண்டம்:
திராட்சை போட்டால்தான் நன்றாக இருக்கிறது.