சி-ஆர்மில் (அறுவையின்போது எக்ஸ்ரே படம் காட்டும் இயந்திரம்) எடுக்கும் படங்களை எப்படிக் குறைக்கிறீர்கள்?

வணக்கம். எலும்பு அறுவை சிகிச்சையில் பயிற்சி மருத்துவராக இருக்கிறேன். நேற்று தொடை எலும்புக்குள் நெயில் (உலோகத் தண்டு) போட்டோம். நெயில் சுலபமாக இறங்கிவிட்டது. அதன் கீழ்முனைத் துளை வழியே போடும் ஸ்க்ரூவுக்குத்தான் பாடு. துளை சரியான வட்டமாகத் தெரியும்வரை சி-ஆர்மைத் திருப்பு, ஒரு படம், மறுபடி திருப்பு, இன்னொரு படம். ஒரு கட்டத்தில் என் விரல்களே திரையில் தெரிந்தன. அது இன்னும் உறுத்துகிறது.

தெரிந்ததைச் செய்கிறேன். எக்ஸ்ரே குழாய் மேசைக்கு அடியில், கதிரை வாங்கிப் படமாக்கும் டிடெக்டர் நோயாளியை ஒட்டி மேலே. பக்கவாட்டுப் படத்தின்போது குழாய்ப் பக்கம் நிற்பதில்லை, சிதறும் கதிர் அங்கேதான் அதிகம். தூரம் இரு மடங்கானால் கதிரளவு ஏறக்குறைய கால் பங்காகிவிடும் என்பதால் முடிந்தபோது பின்னால் நகர்கிறேன். ஏப்ரனும் தைராய்டு கவசமும் உண்டு, ஈயக் கண்ணாடி இல்லை. கண் வில்லைக்கான பரிந்துரை வரம்பு 2011இல் ஆண்டுக்கு 150 மில்லிசீவர்ட்டிலிருந்து 20க்கு இறங்கியதைப் படித்த பிறகு அதையும் கேட்டிருக்கிறேன்.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். கீழ்முனை ஸ்க்ரூ போடும்போது கையைக் கதிரிலிருந்து தள்ளி வைக்க என்ன கருவி பிடிக்கிறீர்கள்? பல்ஸ் முறையில் (கதிரை விட்டுவிட்டு அனுப்புவது) வேகத்தைக் குறைத்தால் படம் போதுமான தெளிவாக இருக்கிறதா? ஈயக் கையுறை வேண்டாம் என்கிறார் மூத்தவர். கதிருக்குள் ஈயம் வந்தால் இயந்திரம் தானாகவே கதிரைக் கூட்டிவிடுமாம், அது நியாயமாகத்தான் படுகிறது. அப்புறம், டெக்னீஷியனிடம் "கொஞ்சம் மேலே, இல்லை கீழே" என்று கத்துவதிலேயே பாதிப் படங்கள் வீணாகின்றன. இதற்கென்று பொதுவான சொற்கள் வைத்திருக்கிறீர்களா?