கண் சிவந்ததற்கு நெஞ்சு எக்ஸ்ரேயா?

குற்றாலத்தான்:
தம்பிக்கு இடது கண் மட்டும் சிவந்து, வெளிச்சமே ஆகாமல் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு கிடந்தான். மெட்ராஸ் ஐ என்று கூட்டிப்போனால், டாக்டர் 'ஐரைடிஸ்' (கண்ணின் உள்ளே ஐரிஸில் வரும் அழற்சி) என்றார். சொட்டு மருந்து கொடுத்தார், சரி. கூடவே ஒரு சீட்டு: நெஞ்சு எக்ஸ்ரே, மேண்டூ (காசநோய்க்குக் கையில் போடும் தோல் டெஸ்ட்), வி.டி.ஆர்.எல். (சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான ரத்த டெஸ்ட்), எச்.எல்.ஏ. பி27 (முதுகெலும்பு வாதத்தோடு தொடர்புள்ள மரபணுவுக்கான டெஸ்ட்). லேப் பில் நாலாயிரத்தைத் தாண்டியது. மேண்டூவில் மட்டும் 12 மி.மீ. தடிப்பு, மற்றதெல்லாம் நார்மல். இப்போது காசநோய் டாக்டரையும் பார்க்கச் சொல்கிறார்கள். இருமல்கூட இல்லாத பையன். கண்ணில் வந்த நோய்க்கு நெஞ்சை எதற்குப் படம் எடுக்க வேண்டும்? கமிஷன் என்றுதான் எனக்குப் படுகிறது.

மாத்திரை மாணிக்கம்:
மருந்துக்கடையில் வருஷக்கணக்காக நிற்கிறேன். சிவந்த கண்ணுக்கு ஸ்டீராய்டு சொட்டு வாங்கிப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு வாரத்தில் சரியாகிவிடுகிறார்கள். இவ்வளவு டெஸ்ட் தேவையே இல்லை.

ஸ்லிட் லாம்ப்:
மாணிக்கம் அண்ணே, சீட்டு இல்லாமல் அதைக் கொடுக்காதீர்கள். வயலில் நெல் தாள் கண்ணில் குத்திப் பூஞ்சைப் புண் வந்தவருக்கும் கண் சிவப்பாகத்தான் இருக்கும். ஹெர்பிஸ் வைரஸ் கருவிழியில் புண் போட்டாலும் சிவப்புதான். அதில் ஸ்டீராய்டை விட்டால் இரண்டு நாளைக்கு வலி குறைந்த மாதிரி இருக்கும், உள்ளே புண் ஆழமாகிக்கொண்டே போகும். திரும்பி உங்கள் கடைக்கு வராதவரெல்லாம் குணமானவர் என்று கணக்கு வைக்காதீர்கள்.

குற்றாலத்தான், நான் ஆப்டோமெட்ரிஸ்ட், கண் பரிசோதனை செய்பவன். மெட்ராஸ் ஐ அடினோ வைரஸ் வேலை. பெரும்பாலும் கண்ணின் மேல்தோலோடு நின்றுவிடும், பீளை தள்ளும், அடுத்த கண்ணுக்கும் தொற்றும். ஐரைடிஸ் உள்ளே வருவது. பாப்பாவைச் சுற்றியிருக்கும் ஐரிஸ் யுவியா என்ற படலத்தின் முன்பகுதி. கண்ணிலேயே ரத்தக் குழாய் அதிகம் ஓடும் இடங்களில் அது ஒன்று. உடம்பில் எங்கோ இருக்கும் காசநோய், சிபிலிஸ், மூட்டு வாதம் எல்லாம் அந்த வழியாகத்தான் கண்ணில் தலைகாட்டும். அறையை இருட்டாக்கி மெல்லிய ஒளிக்கீற்றை விட்டுப் பார்த்தால், ஜன்னல் வெயிலில் தூசி பறப்பது போல வெள்ளை அணுக்கள் மிதப்பது தெரியும். ஆனால் அவை எதனால் வந்தன என்பது அதில் தெரியாது. அதற்குத்தான் எக்ஸ்ரே.

குற்றாலத்தான்:
விளக்கம் நன்றாக இருக்கிறது. ஆனால் என் கேள்விக்குப் பதில் இல்லை. நம் ஊரில் நிறையப் பேருக்கு மேண்டூ தடிக்கும். எப்போதோ காசநோய்க் கிருமி எட்டிப் பார்த்திருந்தாலே தடிக்கும், காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யாலும் தடிக்கலாம். அதை வைத்துக் கண்ணில் காசநோய் என்று சொல்ல முடியுமா? நானும் படித்துவிட்டுத்தான் பேசுகிறேன். காசநோய் மாத்திரை குறைந்தது ஆறு மாதம். அதில் எதாம்பியூட்டால் என்று ஒன்று, அது பார்வை நரம்பையே கெடுக்கக்கூடியது, சிவப்பு பச்சை நிறம் மங்கும் என்கிறார்கள். கண்ணைக் காப்பாற்றப் போய்க் கண்ணுக்கே வேட்டு வைக்கிற மருந்தா?

முதுகெலும்பு:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே ஐரைடிஸ், வலது கண்ணில் இரண்டு முறை, அப்புறம் இடது கண்ணில். முதல் இரண்டு தடவையும் வெறும் சொட்டு மருந்துதான். மூன்றாவது தடவை பார்த்த டாக்டர் "காலையில் எழுந்ததும் இடுப்பு விறைப்பாக இருக்குமா, நடக்க நடக்கக் குறையுமா?" என்று கேட்டார். கண் டாக்டர் இடுப்பைக் கேட்கிறாரே என்று சிரிப்பு வந்தது. எச்.எல்.ஏ. பி27 பாசிட்டிவ், இடுப்பு எம்.ஆர்.ஐ.யில் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ், அதாவது முதுகெலும்பை இறுக்கும் வாதம். பைக் ஓட்டுவதால் வரும் வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். முதல் தடவையே கேட்டிருந்தால் என் முதுகு இவ்வளவு இறுகியிருக்காது.

குற்றாலத்தான்:
நீங்கள் என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறீர்கள். அவர் முதலில் கேள்வி கேட்டார், அப்புறம்தான் டெஸ்ட் எழுதினார். தம்பியிடம் இடுப்பு வலி உண்டா, வாய்ப்புண் வருமா, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. அச்சடித்த சீட்டில் டிக் போட்டுக் கொடுத்தார்கள். வி.டி.ஆர்.எல். என்றால் என்ன என்று அப்பா கூகுளில் தேடிவிட்டு இரண்டு நாளாகத் தம்பியோடு பேசவில்லை.

ஸ்லிட் லாம்ப்:
டிக் போட்ட சீட்டு எனக்கும் பிடிக்காது. ஒரு கண்ணில், முதல் தடவை, லேசாக வந்து சொட்டு மருந்துக்கு அடங்கினால் எச்.எல்.ஏ. பி27-ஐத் தள்ளிப்போடும் டாக்டர்கள் நிறைய உண்டு. ஆனால் எக்ஸ்ரேயையும் வி.டி.ஆர்.எல்.லையும் விட்டுத்தர மாட்டேன். விலை குறைவு, தவறவிட்டால் நஷ்டம் அதிகம். சிபிலிஸ் என்றால் பென்சிலின் கேட்கும்; அது தெரியாமல் வெறும் ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமிக்குத்தான் கொண்டாட்டம். சொட்டு மருந்து போதாமல் ஸ்டீராய்டு மாத்திரைக்குப் போக வேண்டி வந்தால், உள்ளே தூங்கும் காசநோய் எழுந்துகொள்ளும். அப்பாவிடம், இந்த நோய் வந்தாலே எழுதுகிற டெஸ்ட் அது, யார் மேலும் சந்தேகத்தில் எழுதியதல்ல என்று சொல்லுங்கள்.

ஊருக்கு ஊர் காரணமும் மாறும். 1993 கடைசியில் மதுரைப் பக்கம் வெள்ளம் வந்தது. அடுத்த வருஷம் யுவியா அழற்சியோடு ஆட்கள் வரிசையாக வந்தார்கள். அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டர்கள் துருவிப் பார்த்ததில் எலிக்காய்ச்சல் கிருமி என்று தெரிந்தது. கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அது பிடிபட்டிருக்காது.

குற்றாலத்தான்:
தம்பி வெள்ளத்தில் இறங்கவில்லை, ஐ.டி. கம்பெனியில் ஏசியில் உட்கார்ந்திருக்கிறான். 12 மி.மீ.க்கு மாத்திரை ஆரம்பிக்கலாமா, கூடாதா? அதைச் சொல்லுங்கள்.

ஸ்லிட் லாம்ப்:
எக்ஸ்ரே சுத்தம், முதல் தடவை, மருந்துக்கும் அடங்குகிறது என்றால், மேண்டூ ஒன்றை மட்டும் வைத்து ஆரம்பிக்கச் சொன்னால் நானும் இன்னொரு டாக்டரிடம் கேட்பேன். காசநோய் டாக்டரைப் பார்ப்பது வேறு, மாத்திரை விழுங்குவது வேறு. பார்த்துவிட்டு வரட்டும். எதாம்பியூட்டால் கொடுக்கவேண்டி வந்தாலும் நிறப் பார்வையைச் சோதித்துக்கொண்டே கொடுப்பார்கள்.

அதைவிட அவசரமான ஒன்று. அவன் பாட்டிலைக் குலுக்கித்தான் விடுகிறானா? பிரெட்னிசோலோன் என்ற அந்த ஸ்டீராய்டு சொட்டு பால் மாதிரி இருக்கும், மருந்து அடியில் தங்கிவிடும். குலுக்காவிட்டால் தண்ணீர்தான் கண்ணில் விழும். பாப்பாவை விரிக்கிற சொட்டு, எழுத்து மங்குகிறது என்பதற்காக நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் ஐரிஸ் லென்ஸோடு ஒட்டிக்கொள்ளும்.

குற்றாலத்தான்:
குலுக்கவில்லையாம். விரிக்கிற சொட்டையும் ஆபீஸ் போக வேண்டும் என்று நேற்றே நிறுத்திவிட்டான். டெஸ்ட் பற்றி என் கருத்து அப்படியேதான் இருக்கிறது. ஆனால் நாளைக் காலையில் கூட்டிப்போகிறேன்.

ஸ்லிட் லாம்ப்:
போகும்போது கண் அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு சிலருக்கு அதை ஏற்றிவிடும்.